தனிஸுக்குத் தெரியாமல்

ஜூலை 1, திங்கள்

கண் நன்றாக ஆறிவிட்டது, இனி படிக்கலாம், எழுதலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கான்வென்டில் மதர் எங்களை ஆங்கிலத்தில்தான் நாட்குறிப்பு எழுத வைத்தார். ஆங்கிலத்தில் எழுதினால் பிழை பார்ப்பதிலேயே என் கவனம் போய்விடும். அதனால் தமிழ்.

அலமாரித் துணிகளை வெயிலில் போட்டேன். மறைந்த என் கணவரின் கோட்டில் பூச்சி இல்லை.

கண் ஆபரேஷனுக்காகச் சென்னையில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, தூத்துக்குடி வீடு என்ன கதி ஆகுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். ஆனால் என் தம்பி தனிஸ்லாஸ் ஒரு குறையும் வைக்கவில்லை. செடிகூட வாடவில்லை. அவன்தான் கொஞ்சம் வாடியிருந்தான். நடுவில் சில வாரம் தூக்கமே வரவில்லை, பிறகு சரியாகிவிட்டது என்றான். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் திரும்பி வந்த மறுநாளிலிருந்து காலைக் காப்பியைப் பழையபடி என் கையால் போட்டுக் கொடுக்கிறேன்.

அவன் காப்பியை வேறு யாரும் போடக் கூடாது. அது இந்த வீட்டு விதி.

ஜூலை 4, வியாழன்

தனிஸ் இன்று சிரித்துக்கொண்டே வந்தான். நான் ஊரில் இல்லாதபோது ஞானையா அண்ணாச்சி பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இதுவரை பெட்டியில் மக்ரூன் அடுக்கும் வேலை. இனிமேல் மக்ரூனே வைக்கச் சொல்லியிருக்கிறாராம். முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, முந்திரித்தூள் சேர்த்து, காகிதக் கூம்பில் நிரப்பி, தட்டில் ஒரே சுழற்றில் கோபுரம் மாதிரி பிழிய வேண்டும். கை அசையாமல் நிற்க வேண்டும். மாதா திருவிழாவுக்கு வெளியூர் ஜனம் பெட்டி பெட்டியாக வாங்கிப் போகும். அதற்குள் கற்றுக்கொண்டால் நிரந்தரமாக வைத்துக்கொள்வாராம்.

பி.எஸ்சி. படித்தவன். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். ஐம்பத்தேழு வயதில் பேக்கரியில் மாவு பிழியப் போகிறான். சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு, “சரி” என்றேன்.

ஆனால் அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து நாளாயிற்று. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூலை 8, திங்கள்

தனிஸ் டம்ளரைக் கீழே போட்டுவிட்டான். கை நடுங்குகிறது. வயதாகிறது என்றேன். உனக்கு நடுங்கலையே, நீதான மூத்தவ என்றான். தரையைத் துடைத்தேன்.

ஜூலை 10, புதன்

புதன்கிழமைகளில் காலைப் பூசைக்குப் போகிறவன் மதியம்தான் வருகிறான். இவ்வளவு நேரம் நீளும் பூசையை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேட்கும் பழக்கம் கிடையாது.

ஜூலை 15, திங்கள்

காலையில் ஒரு பெண் வந்தாள். பருத்திச் சேலை, தோளில் பை, நல்ல சுத்தம். பெயர் முத்துச்செல்வி என்றாள். பங்கு மண்டபத்துக்குப் பின்னால் புதன்தோறும் மனநல கிளினிக் நடக்கிறதாம், அதில் நர்ஸாம். தனிஸ்லாஸ் வீடு இதுதானா என்றாள்.

கதவை முழுதாகத் திறக்காமல் நின்றேன். எதிர்வீட்டு ஹில்டா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“அவங்களுக்குக் கை நடுக்கம் ஜாஸ்தியா இருக்கும்மா. நாங்க குடுக்க மாத்திரைக்கு அம்புட்டு வரக் கூடாது. வீட்ல வேற எதும் மருந்து சாப்பிடுதாங்களான்னு டாக்டர் கேட்டுட்டு வரச் சொன்னாங்க” என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். எனக்கு அது தெரு முழுக்கக் கேட்டது.

“இந்த வீட்ல யாருக்கும் எந்த நோயும் கிடையாது. யாரும் எந்த மருந்தும் சாப்பிடுறதில்ல. நீங்க வீடு மாறி வந்திட்டீங்க” என்றேன்.

அவள் கதவுக்கு மேல் பொறித்திருந்த எங்கள் குடும்பப் பெயரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “சரிம்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை.

மதியம் ஹில்டா யார் அது என்றாள். சோப்பு விற்கிறவள் என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

தனிஸ் இளவயதில் நோய்ப்பட்டான். கடலுக்குள்ளிருந்து யாரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து பாதி வகுப்பில் இறங்கித் துறைமுகத்துக்கு ஓடினான். அவனை நாலு பேர் பிடித்துக் கொண்டுவந்ததைத் தெருவே பார்த்தது. கொடுத்த மாத்திரைகளைத் துப்பினான். அதில் விஷம் இருக்கிறதாம். அப்போது மதுரையில் என் கணவரின் நண்பர் ஒரு டாக்டர் இருந்தார். நிறமோ ருசியோ இல்லாத ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்து, தெரியாமல் குடிப்பதில் கலந்துவிடச் சொன்னார். கலந்தேன். சில மாதங்களில் தனிஸ் அமைதியானான். தூங்கினான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அந்த ஆண்டுத் திருவிழாவில் அவன் பனிமய மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தான். மாதாதான் சுகமாக்கினாள் என்று அவன் நம்பினான். ஆண்டுதோறும் மாதாவின் சப்பரத்துக்குப் பின்னால் செருப்பில்லாமல் நடக்கிறான். நானும் ‘ஆமாம், மாதாதான்’ என்று சொல்லி வந்தேன். அந்த டாக்டர் இறந்து வெகுகாலம் ஆகிறது. மருந்துக்கடையில் என்னிடம் யாரும் சீட்டு கேட்பதில்லை.

நான் சென்னையில் இருந்தபோது சொட்டு நின்றுபோனது. தூக்கம் வரவில்லை என்றானே, அது வேறு என்னவாக இருக்கும். கிளினிக்குக்கு அவனாகவே போயிருக்கிறான். எனக்குத் தெரியாமல் மாத்திரை சாப்பிடுகிறான். நான் அவனுக்குத் தெரியாமல் சொட்டு கலக்கிறேன்.

அந்த நர்ஸ் வந்து கேட்டபோது இதெல்லாம் எனக்குப் புரியவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது.

ஜூலை 17, புதன்

இன்று சொட்டைக் குறைத்துக் கலந்தேன். ஒரேயடியாக நிறுத்தப் பயம். துறைமுகம் கண்ணுக்குள் நிற்கிறது.

ஜூலை 20, சனி

திருவிழாவுக்கு விருந்தினர் வருவதால் கேக் சொல்லிவைக்கலாம் என்று பேக்கரிக்குப் போனேன். கேக்கை நான் வீட்டிலேயே செய்வேன் என்பது ஹில்டாவுக்குத் தெரியும். உண்மையில் அவனைப் பார்க்கத்தான் போனேன்.

உள்ளே தட்டு முன்னால் குனிந்து நின்றான். காகிதக் கூம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். பிழிகிற நேரத்தில் கை உதறியது. கோபுரம் சாய்ந்து பக்கத்துக் கோபுரத்தில் விழுந்தது. அடுப்பு பார்க்கிற ஆள், “சார் வச்சது மக்ரூன் இல்ல அண்ணாச்சி, ஊத்தாப்பம். சட்னி வச்சு வித்துருவோம்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தனிஸும் சிரித்தான். வாயோரம் எச்சில் வழிந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை.

ஞானையா அண்ணாச்சி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர். “தப்பா எடுத்துக்கிடாதீங்கம்மா. சேந்த புதுசுல சாருக்குக் கை கல்லு மாதிரி நின்னுச்சு. இப்பதான் இப்பிடி. திருவிழா வரைக்கும் பாக்கேன். அதுக்கப்புறம் என்னால முடியாது” என்றார்.

அவன் சேர்ந்த புதிதில் நான் சென்னையில் இருந்தேன்.

கேக் சொல்லாமலே வந்துவிட்டேன்.

ஜூலை 22, திங்கள்

சொட்டைக் கலக்கவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

தனிஸ் மாடியில் தனியாக நின்று கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன பார்க்கிறாய் என்றேன். கப்பல் என்றான். கப்பல் இருந்தது. ஆனாலும் மாலைக் காப்பியில் பழைய அளவே கலந்துவிட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

கொடியேற்றம். கூட்டம். கால் வலி.

ஜூலை 31, புதன்

தனிஸ் மதியம் வந்து சோர்ந்து படுத்தான். தலைமாட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போன மாதம் அவன் சட்டையை ஊறவைக்கும்போது பார்த்தது வெள்ளை மாத்திரை. பையில் கிடக்கும் நூலையும் சில்லறையையும் எடுப்பது மாதிரி எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, எதற்கான மாத்திரை என்று யோசிக்காதது போல இருந்துவிட்டேன். இது வேறு நிறம். மருந்தை மாற்றிவிட்டார்கள். வீட்டில் எந்த மருந்தும் இல்லை என்று நான் சொன்னதை நம்பி மாற்றியிருக்கிறார்கள்.

போர்வையை இழுத்துவிட்டேன். மாத்திரை அட்டையைப் பைக்குள் தள்ளி வைத்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மாதா திருவிழா. தனிஸ் காலையில் வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்தான். பாதத்தில் கொப்புளம்.

மதியம் ஹில்டாவும், அவள் மகளுக்குச் சம்பந்தம் பேசியிருக்கும் நாகர்கோவில் குடும்பமும் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். ஹில்டா வீட்டில் மேஜை சிறியது. வெள்ளை விரிப்பு போட்டேன், வெள்ளிக் கரண்டிகளை எடுத்தேன். தனிஸை உள்ளே சாப்பிடச் சொல்லியிருக்க வேண்டும். அவன் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தபோது எனக்கு வாய் வரவில்லை.

ஸ்பூன் தட்டில் தட்டிக்கொண்டே இருந்தது. குழம்பு விரிப்பில் சிந்தியது. எச்சில் சட்டையில் வடிந்தது. நாகர்கோவில் அம்மா தன் தட்டைச் சற்று நகர்த்திக்கொண்டார்கள்.

அவமானமான விஷயங்களை ஆங்கிலத்தில் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். அவன் பிறந்ததிலிருந்தே கொஞ்சம் மந்தம் என்று அந்த அம்மாவிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

கணக்கில் தங்கப்பதக்கம் வாங்கியவன். அவனுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். எழுந்து கை கழுவப் போனான். போகும்போது நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனான், நான் பழக்கியபடியே.

ஆகஸ்ட் 7, புதன்

காலைக் காப்பி குடித்த கொஞ்ச நேரத்தில் தனிஸின் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. தாடை பூட்டிக்கொண்டது. கண் மேலே செருகியது. கையால் தலையைத் திருப்பப் பார்த்தான், முடியவில்லை. நான் எலுமிச்சையைத் தேடிக்கொண்டு சமையலறைக்கும் முன்னறைக்கும் ஓடினேன். அவன் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து என் கையில் திணித்தான். “மண்டபத்துக்கு… கூட்டிட்டுப் போ” என்றான். வார்த்தை பல்லுக்குள்ளேயே நின்றது.

ஆட்டோவில் போனோம். மண்டபத்துக்குப் பின்னால் பெஞ்சுகளில் ஜனம். பூசையில் எனக்குப் பின்வரிசையில் நிற்கிறவர்கள் இருவர் இருந்தார்கள். அவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். முத்துச்செல்விதான் ஓடி வந்தாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஊசி போட்ட சிறிது நேரத்தில் கழுத்து நேரானது. தனிஸ் அழுதான். டாக்டர் அன்பரசி சின்னப் பெண், என் மகளைவிட இளையவள். வேறு மருந்து எதுவும் சாப்பிடுகிறீர்களா என்று அவனிடம் மறுபடியும் கேட்டாள். இல்ல டாக்டர், சத்தியமா இல்ல என்றான். அவன் சத்தியம் செய்ததை என்னால் தாங்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். வீட்டில் நானே ஒரு சொட்டு மருந்து கொடுத்துவருகிறேன், நோயாளிக்கு அது தெரியாது, இனி நிறுத்திவிடுகிறேன், அவனுக்குத் தெரிய வேண்டாம் என்றேன்.

டாக்டர் தமிழில் சொன்னாள்: “அவர் இங்கதான இருக்காரு. அவர்கிட்டயே சொல்லுங்கம்மா.”

தனிஸ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லத் தேவை இருக்கவில்லை.

“எப்பருந்து?” என்றான்.

“மொதல்லருந்தே.”

“அப்ப மாதா?”

அவன் கொப்புளம் கட்டிய பாதத்தைக் குனிந்து பார்த்தான். பிறகு கேட்டான்: “நான் நல்லா இருந்த நாள்ல எது என்னோடது, எது ஒன்னோடதுக்கா?”

டாக்டர் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டாள். மருந்து சாப்பிட்டு நன்றாக இருப்பதும் நன்றாக இருப்பதுதான், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நாம் இப்படிக் கேட்பதில்லை என்றாள். மார்ச்சில் தூக்கம் கெட்டவுடன் தனிஸ் தனக்கு என்னவோ வருகிறது என்று கண்டுபிடித்து, யாரும் கூட்டிவராமல் தானே இங்கே வந்து உட்கார்ந்தானாம். “இவர் மாதிரித் தானா வந்தவங்க ரொம்பக் கொறச்சல். அது எந்தச் சொட்டுலயும் வராதும்மா” என்றாள். அதை என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

நான் அவனைக் குணமாக வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு தடவைகூடத் தனக்குத்தானே உதவி செய்துகொள்ள நான் இடம் விடவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

சொட்டு மருந்துப் பாட்டிலை அவன் முன்னால் மேஜையில் வைத்தேன். டாக்டர் கேட்டபடி முத்துச்செல்வியிடம் கொடுக்க அவன் எடுத்துக்கொண்டான். காப்பி வேண்டாம் என்றான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சாப்பாடும் வேண்டாமாம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மெயின் ரோட்டு டீக்கடையில் காலையில் இட்லி. மதியம் பேக்கரியில் பன். இரவுக்கு வாழைப்பழம் வாங்கி வருகிறான். தோல் உரிக்காத பழத்தில் எதையும் கலக்க முடியாது. யோசித்துத்தான் வாங்குகிறான்.

தண்ணீரைக் குழாயிலிருந்து தானே பிடித்துக் குடிக்கிறான். டம்ளரை முதலில் கழுவுகிறான். நான் பார்க்கவேண்டும் என்று கழுவவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 21, புதன்

கிளினிக்குக்கு நானும் வரட்டுமா என்றேன். வெளியே உட்காருவதானால் வரலாம் என்றான். உட்கார்ந்தேன். முத்துச்செல்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று கதவில் நிறுத்திப் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். பாதிப் பேர் அப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள், சிலர் நாயையும் அவிழ்த்துவிடுவார்கள், எங்கள் வீட்டில் நாய் இல்லாதது அவளுக்கு ஆறுதல் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கும் வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

தனிஸின் கை நடுக்கம் நின்றுவிட்டது. எச்சில் வடிவது நின்றுவிட்டது. நடையில் பழைய வேகம். ஞானையா அண்ணாச்சியிடம் அவனே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான், நோயை, மருந்தை, என்னை. அவர் ஒருவரிடம் மட்டும். ‘வேலையப் பாருங்க சார்’ என்றாராம். கூம்பு பிழிகிற வேலை அவனுக்கு நிரந்தரமாயிற்று.

இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சமைத்திருந்தேன். பார்த்தான். “இன்னும் இல்லக்கா” என்றான்.

இன்னும் என்றான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்தநாள் பூசை. என் கையில் சாப்பிடாவிட்டாலும், கோயில் படிகளில் என் கையைப் பிடித்துத்தான் ஏற்றி இறக்குகிறான். வெயிலில் எனக்கு இன்னும் கண் கூசுகிறது.

பூசை முடிந்து வாசலில் நின்றோம். ஹில்டாவும் பங்கிலுள்ள நாலைந்து பெண்களும் இருந்தார்கள். ஹில்டா சிரித்துக்கொண்டே கேட்டாள்: “தனிஸு தெனமும் டீக்கடை வாசல்லயே நிக்கானே. ஒங்க வீட்டுக் காப்பிக்கு என்னக்கா வந்துச்சு?”

பேக்கரிக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். சோப்பு விற்கிறவள் என்று சொன்ன வாய் இது. ஆனால் இனிமேல் பொய் சொல்வதில்லை என்று இன்று காலைதான் பூசையில் முடிவு செய்திருந்தேன். ஆங்கிலத்தில் அல்ல, தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“தனிஸுக்கு ரொம்ப வருஷமா மனநோய் ஹில்டா. அவனுக்குத் தெரியாம நான் காப்பில மருந்து கலந்து குடுத்து, அவன் ஒடம்பக் கெடுத்துட்டேன். அதான் என் கையால எதுவும் வாங்க மாட்டேங்கான். தப்பு என்னோடது.”

ஹில்டா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். எனக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது போலிருந்தது. எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டேன் என்றுகூடத் தோன்றியது. தனிஸின் பக்கம் திரும்பினேன். அவன் கண்ணில் என்னவோ கிடைக்கும் என்று எதிர்பார்த்துத்தான் திரும்பினேன்.

அவன் முகம் வெளுத்திருந்தது. படி இறங்கும்வரை என் கையை விடவில்லை. சமதரைக்கு வந்ததும் விட்டான்.

“அது என் நோவுக்கா” என்றான். “யார்ட்ட சொல்லணும், எப்பச் சொல்லணும்னு என்னைய ஒரு வார்த்த கேட்டியா? நாளைக்கு நான் போய்ச் சேருகதுக்கு முன்னாடி இந்தப் பேச்சு பேக்கரிக்குப் போயிரும். அதையும் எனக்குத் தெரியாமத்தான் கலக்கிட்ட.”

அவன் முன்னால் நடந்தான். நான் பின்னால் வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் செருப்பைக் கழற்றவில்லை. நேராக ஹில்டா வீட்டுக்குப் போய், யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொள்ளப் புறப்பட்டேன். பாதித் தெரு கடந்துவிட்டேன். அப்புறம் நின்றேன். திரும்பி வந்து அவன் அறைக் கதவைத் தட்டினேன். இந்த வீட்டில் நான் அந்தக் கதவைத் தட்டியதே கிடையாது; திறந்துகொண்டு போவேன்.

“ஹில்டாட்ட போய்ப் பேசட்டுமா, வேண்டாமா?” என்று கேட்டேன்.

கதவைத் திறக்காமல் வெளியிலேயே நின்றேன்.

“வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்” என்றான்.

செருப்பைக் கழற்றி வைத்தேன்.